வார்னிஷுக்குக் காசு வரும், அடித்தகட்டுக்கு வராது

சிட்னி துறைமுகத்தில் ஓடிய பழைய ஃபெர்ரி ஒன்றைப் பராமரிக்கும் தன்னார்வலர் கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று சொன்னால், கேட்பவர் முகம் உடனே மலர்ந்துவிடும். அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "அப்போ ஓட்டிப் பாத்திருக்கீங்களா?" ஓட்டுவதா! அது பயணிகளை ஏற்றி நாற்பது வருஷம் ஆகிவிட்டது. நான் சுரண்டுகிறேன். துருவை. சில சனிக்கிழமைகளில் பெயின்ட்டை. ரொம்ப நல்ல நாளாக இருந்தால் பெயின்ட் அடிக்கவும் விடுவார்கள்.

கப்பலின் பெயர் கனாங்ரா. 1912-இல் சிட்னியின் பால்மெய்னில் இருந்த மோர்ட்ஸ் டாக் என்ற கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. அந்த டாக் இருந்த இடம் இன்று பூங்கா, ஜனங்கள் நாயை ஓடவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் சிட்னி ஃபெர்ரீஸ் லிமிடெட் என்ற தனியார் கம்பெனி தன் ஃபெர்ரிகள் பலவற்றுக்கும் ஆங்கில 'கே'யில் தொடங்கும் ஆதிகுடிப் பெயர்களாக வைத்துக்கொண்டே போனது. அந்த வரிசையில் வந்த நீராவிக் கப்பல்தான் இது. 1959-இல் நீராவி இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைத்தார்கள். 1985-இல் ஓய்வு கொடுத்தார்கள். இப்போது சிட்னி ஹெரிடேஜ் ஃப்ளீட்டின் கையில் இருக்கிறது. அது பெரும்பாலும் தன்னார்வலர்களை நம்பி நடக்கும் அமைப்பு.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்பது பெரிய கதையில்லை. ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடுகிறவள் நான். வாரம் முழுக்க எக்செல் கட்டங்களையே பார்த்துப் பார்த்து, கையால் தொட்டு ஏதாவது செய்தால் தேவலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். அம்மாவிடம் போனில் சொன்னதும் அவள் கேட்டது இது: "ஏன்டி, சம்பளமும் கிடையாது, சாப்பாடும் நீயே கட்டிண்டு போகணும், அங்க போய் இரும்புத் துரு சொரண்டணுமா? நம்மாத்து கேட்டே துருப்பிடிச்சுக் கெடக்கு, வந்து சொரண்டேன்." அந்த கேட்டுக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கனாங்ராவுக்கு முன், பின் என்ற பேதம் கிடையாது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கூர்ப்பு. மேல் தட்டில் இரண்டு முனைக்கும் ஒரு ஓட்டுநர் அறை, தண்ணீருக்கடியில் இரண்டு முனையிலும் ஒரு ப்ரொப்பல்லர், ஒரு சுக்கான். நடுவில் இருக்கும் இன்ஜினிலிருந்து ஒரே தண்டு கப்பலின் நீளம் முழுக்க ஓடுகிறது. அதனால் இரண்டு ப்ரொப்பல்லரும் சேர்ந்தே சுற்றும். பின்னால் இருப்பது தள்ளும், முன்னால் இருப்பது இழுக்கும். அக்கரைக்குப் போனதும் கப்பலைத் திருப்ப வேண்டாம். கேப்டன் மட்டும் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடந்து போனால் போதும். முன்பக்கமாக மாறிய சுக்கானை ஆடாமல் பூட்டிவிடுவார்கள், தீர்ந்தது வேலை. கூட்டம் நெருக்கித் தள்ளும் சர்க்குலர் கீ என்ற ஃபெர்ரித் துறையில் ஐந்தாறு ஃபெர்ரிகள் மாறி மாறி வந்துபோக இதைவிட நல்ல யோசனை இருந்திருக்க முடியாது.

கூட்டம் என்றால் சாதாரணக் கூட்டமா? பாலம் வருவதற்கு முன், வடகரையிலிருந்து ஊருக்குள் வேலைக்கு வர ஃபெர்ரியை விட்டால் சுற்றுவழிதான். வருஷத்துக்கு நாலு கோடிக்கு மேல் பயணங்கள். 1932 மார்ச் 19-ஆம் தேதி ஹார்பர் பிரிட்ஜ் திறந்தது. ரயிலும் டிராமும் பஸ்ஸும் அதன் மேல் ஓட ஆரம்பித்ததும் அந்த எண்ணிக்கை ஒன்றரைக் கோடி அளவுக்குச் சரிந்தது. வாங்கிப்போட்ட கப்பல்கள் சும்மா நின்றன. பலவற்றை உடைத்தார்கள், சிலவற்றை வந்த விலைக்குத் தள்ளினார்கள். 1951-இல் மாநில அரசு எடுத்துக்கொள்ளும் வரை அந்தக் கம்பெனி இழுத்துப் பிடித்து ஓட்டியது. கனாங்ரா அத்தனையையும் தாண்டி வந்திருக்கிறது.

தாண்டாதவையும் உண்டு. இதே 'கே' வரிசையில் வந்த பெரிய ஃபெர்ரி குட்டபுல். யுத்தகாலத்தில் கடற்படை எடுத்துக்கொண்டு, கார்டன் ஐலண்ட் கடற்படைத் தளத்தில் மாலுமிகள் தங்கிப் படுக்கும் இடமாக நிறுத்திவைத்திருந்தது. 1942 மே 31 இரவு ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் துறைமுகத்துக்குள் புகுந்தன. அமெரிக்கப் போர்க்கப்பல் சிகாகோவுக்கு விட்ட டார்ப்பிடோ குறி தவறி, குட்டபுல்லுக்கு அடியில் போய் வெடித்தது. தூக்கத்தில் இருந்த 21 மாலுமிகள் இறந்தார்கள். இன்னொன்று கராபீ. 1984 ஜனவரியில் ஃபெர்ரி பந்தயம் ஒன்றில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி ஓடிவிட்டு, சர்க்குலர் கீக்கு வந்து எல்லோரையும் இறக்கிவிட்டபின் அங்கேயே முழுகியது. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. கராபீக்குத்தான் என்ன மரியாதை பாருங்கள், இறக்கிவிட்டு முழுகியிருக்கிறது!

சரி, துருவுக்கு வருகிறேன்.

கனாங்ராவின் உடம்பு எஃகு. தகடு தகடாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டுகளை, அதாவது இரு பக்கமும் தலை தட்டிய ஆணிகளை, அடித்து இறுக்கியது. வெல்டிங் கிடையாது. தகடும் தகடும் ஒன்றோடொன்று படியும் அந்த இடைவெளிதான் எமன். அங்கே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் புகுந்துவிட்டால் போதும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடம் பிடிக்கும். அந்தத் துரு இரண்டு தகடுகளையும் உள்ளிருந்தே நெம்பும். நெம்ப நெம்ப ரிவிட் தலை தெறிக்கும், இடைவெளி பெரிதாகும், இன்னும் தண்ணீர் புகும். வெளியே இருந்து பார்த்தால் பெயின்ட் லேசாக உப்பியிருப்பது மட்டும்தான் தெரியும்.

ரிவிட்டைச் சோதிக்கிற விதத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கூட்டத்தின் மூத்தவர். கப்பல் இன்ஜின் அறைகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். அதிகம் பேசமாட்டார். கையில் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்து, ரிவிட் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைக்கச் சொன்னார். மறுபக்கத்தில் பக்கவாட்டாக ஒரு தட்டு. நல்ல ரிவிட் என்றால் 'டங்'கென்று கேட்கும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. விட்டுப்போன ரிவிட் என்றால் சத்தம் மழுங்கிவிடும், விரல் நுனியில் ஒரு சின்ன நடுக்கம் தெரியும். அவ்வளவு பெரிய இரும்பு உடம்புக்குள் கட்டைவிரல் பருமன் ஆணி ஒன்று மயிரிழை அசைவதை விரல் கண்டுபிடித்துவிடுகிறது. முதலில் எனக்கு எல்லாமே அசைவது போலத் தோன்றியது. அவர் சிரித்துவிட்டு, "காபியைக் குறை" என்றார்.

விட்டுப்போன ரிவிட்டை என்ன செய்வது? பழைய முறையில் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அடிக்கத் தெரிந்த கை இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. வெல்டிங் வைத்துவிடலாமே என்றால், வெல்டிங் சூட்டில் தகடு விரிந்து சுருங்கும், பக்கத்தில் நன்றாக இருந்த ரிவிட்டுகளும் தளர்ந்துவிடும். ஒன்றைச் சரிசெய்யப் போய் நாலைக் கெடுத்த கதை. மெலிந்துபோன தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டுப்போடுவதும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டால், போட்ட ஒட்டே புதுத் துருவுக்குத் தொட்டில் ஆகிவிடும். சரியான வழி, தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைப்பது. அதற்கு டிரை டாக் (தண்ணீரை வடித்துக் கப்பலை நிற்கவைக்கும் தொட்டி) வேண்டும், லைசென்ஸ் உள்ள வெல்டர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் பணம் வேண்டும்.

தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கிறது. கொஞ்சம் ஜெல் தடவி, கைக்கு அடக்கமான ஒரு முனையை அழுத்தினால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். வளைகாப்புக்கு முன்னால் ஸ்கேன் எடுத்த ஞாபகம் வந்தது எனக்கு. ஆனால் தகட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியும்படி செய்த பிறகுதான் வைக்க வேண்டும். துருப் பொருக்கின் மேல் வைத்துவிட்டு வந்த எண்ணை நம்பினால் மோசம் போவோம். அந்தச் சுரண்டலுக்குத்தான் நாங்கள். நீடில் கன் என்று ஒன்று, காற்றழுத்தத்தில் ஒரு கொத்து எஃகு ஊசிகள் படபடவென்று குத்தும். காதில் மூடி, முகத்தில் மாஸ்க், கையில் கெட்டியான கிளவுஸ். ஒரு மணிநேரம் பிடித்தால் ராத்திரி சாதம் பிசையும்போது விரல் தனியாக ஆடும்.

எங்கே மெலியும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் பகுதியைவிட, தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படுகிற நீர்மட்டக் கோட்டை ஒட்டிய பட்டைதான் சீக்கிரம் போகும். உப்பு, ஆக்சிஜன் இரண்டும் தாராளமாகக் கிடைக்குமிடம் அது. அடுத்தது, நீராவிக் காலத்தில் கொதிகலன் இருந்த இடத்தின் அடிப்பகுதி. நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகிவிடும். கொதிகலனை எடுத்து எத்தனை வருஷமானாலும் அது தின்றது தின்றதுதான். பழைய கப்பல்கள் பலவற்றின் அடியில் சிமென்ட் வேறு பூசியிருப்பார்கள், இரும்பைக் காக்கிறோம் என்று. உடைத்துப் பார்த்தால் சிமென்ட் இருக்கும், இரும்பு இருக்காது.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், அதனால் உலர்வாகத் தேய்த்துப் பொடி கிளப்பக்கூடாது. அந்தக் காலத்து வெப்பக்காப்பு என்றாலே ஆஸ்பெஸ்டாஸ் என்று வைத்துக்கொண்டுதான் பேச்சு. குழாயைச் சுற்றி சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வந்துதான் எடுப்பார்கள், பில்லும் அதற்குத் தகுந்தபடி வரும்.

இனி பணம். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கணக்கு எழுதுகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான் கண்ணில் படும். இந்த மாதிரி கப்பல்களுக்கு நன்கொடை கொடுக்கிறவர்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் கொடுக்கும்போதே "இது அந்தப் பெஞ்சுக்கு", "இது அந்தப் பித்தளை மணிக்கு" என்று பெயர் எழுதிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். பெஞ்சில் ஒரு சின்னத் தகடு பதித்து அப்பா பெயரைப் பொறிக்கலாம். நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் விலா எலும்பு மாதிரி இருக்கும் சட்டங்களில் பதினான்காவது சட்டத்துக்கும் பதினைந்தாவது சட்டத்துக்கும் நடுவில் மாட்டிய எஃகுத் தகட்டில் யார் பெயரைப் பொறிப்பது? மீன்களா படிக்கப்போகின்றன?

தன்னார்வலர்களும் அப்படித்தான், நானும் சேர்த்தி. மரவேலைக்கு ஆள் கேட்டால் கைகள் எழும்பும். பழைய பெயின்ட்டை அடுக்கடுக்காக எடுத்து, அடியில் நூறு வருஷத்து மரம் முகம் காட்டும்போது கிடைக்கிற சந்தோஷம் நிஜம். எண்ணெய் பட்டதும் ரேகை பளிச்சென்று எழும். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடலாம், சித்தி பெரியம்மா எல்லோரும் இதயம் அனுப்புவார்கள். பில்ஜுக்குள், அதாவது கப்பலின் அடிவயிற்றில் கழிவுநீர் தேங்கும் பள்ளத்துக்குள், குப்புறப் படுத்துக்கொண்டு எண்ணெய்ச் சேற்றை வாரினால் யார் இதயம் அனுப்புவார்கள்?

பாரகூலாவை நினைத்துப் பார்க்கிறேன். மேன்லிக்கு ஓடிய பெரிய ஃபெர்ரி. அதுவும் மோர்ட்ஸ் டாக்கில் பிறந்ததுதான், 1922 பிப்ரவரி 14-இல் தண்ணீரில் இறக்கினார்கள். துறைமுக வாசலில் பசிபிக் அலை நேராக அடிக்கிற இடத்தைத் தினமும் கடந்து போய்வந்த கப்பல். 1934-இல் ஒரு திமிங்கிலத்தின் மேல் மோதியதாகக்கூட அதன் சரித்திரத்தில் இருக்கிறது. 1983-இல் ஓய்வு. அப்புறம் கை மாறி, கடைசியில் தன்னார்வலர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். வேவர்ட்டனில் பழைய நிலக்கரி ஏற்றும் துறைமேடையில் கட்டிப்போட்டு வருஷக்கணக்காக உழைத்தார்கள். உள்ளே மரமும் பெயின்ட்டும் எவ்வளவு சிரத்தையாகச் செய்திருந்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். 2022 ஜனவரி 1-ஆம் தேதி அது கட்டிப்போட்ட இடத்திலேயே முழுகியது. நூறு வயது நிறைய ஆறு வாரம் பாக்கி. பிறகு துண்டு துண்டாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். டிரை டாக்கில் ஏற்ற வேண்டிய பணம் அந்த மாதிரி சங்கங்களுக்கு எங்கிருந்து வரும்? ஆனால் அந்தச் செய்தியைப் படித்த பிறகு என் கட்சி உறுதியாகிவிட்டது. பயணிகள் உட்காரும் சலூன் அறையின் பெயின்ட் உரியட்டும், பெஞ்சு இன்னும் ஐந்து வருஷம் சாம்பல் நிறமாகவே கிடக்கட்டும், வருகிற ஒவ்வொரு காசும் முதலில் நீர்மட்டத்துக்குக் கீழே போக வேண்டும். மேல்தட்டு அழுகினால் மறுபடி செய்துகொள்ளலாம். முழுகிய கப்பலுக்கு வார்னிஷ் அடிக்க முடியாது.

மூத்தவருக்கு இது ஒத்துவராது. "நீ சொல்கிறபடி செய்தால் பார்க்க வருகிறவன் கண்ணுக்கு இது ஒரு துருப்பிடித்த டப்பா. டப்பாவுக்கு யார் காசு போடுவான்?" என்பார். அவர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். ஜேம்ஸ் கிரெய்க் என்ற பாய்மரக் கப்பலை உதாரணம் காட்டுவார். 1874-இல் இங்கிலாந்தின் சண்டர்லாண்டில் கட்டியது. டாஸ்மேனியாவில் ஒரு குடாவில், அடியில் ஓட்டையோடு, கைவிட்ட கூடாகக் கிடந்தது. 1972-இல் மிதக்கவிட்டுக் கிளப்பினார்கள். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது வருஷ வேலை. இன்று பாய் விரித்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போய்வருகிறது. "அதைப் பார்த்தவர்கள் இரும்பைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்தார்கள்" என்பது அவர் வாதம். பாயைப் பார்த்தார்கள் சரி, ஆனால் ஓட்டையை அடைத்த பிறகுதானே பாய் கட்டினார்கள் என்பேன் நான். அத்தோடு டீ பிரேக் முடிந்துவிடும்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது, கரையேற்றிவிடுவது. லேடி டென்மன் என்ற மர ஃபெர்ரியை 1911-இல் ஹஸ்கிசனில் கட்டினார்கள். சிட்னியில் உழைத்து முடித்ததும் பிறந்த ஊருக்கே கொண்டுபோய் மியூசியத்துக்குள் வைத்துவிட்டார்கள். மழை படாது, அலை படாது. இன்னும் நூறு வருஷம் கவலையில்லை. போய்ப் பார்த்தேன், அழகாக இருக்கிறது. என்ன, காலடியில் ஆட்டம் இல்லை. ஃபெர்ரியில் நிற்கும்போது முழங்கால் தானாகக் கொஞ்சம் வளைந்துகொள்ளுமே, அங்கே அது வளையவில்லை. கனாங்ராவுக்கு இந்த முடிவு வந்தால் அழமாட்டேன், முழுகுவதைவிட நூறு மடங்கு மேல். ஆனால் நானாகப் போய்க் கேட்கவும் மாட்டேன்.

மறுபடி பயணிகளை ஏற்றுவது பற்றி வீட்டில் என் மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதற்குக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தின் சர்வே சான்றிதழ் வேண்டும். உடம்பின் உறுதி, தீத்தடுப்பு, சாயாமல் நிற்கும் கணக்கு, உயிர்காப்புச் சாதனம், தகுதியுள்ள மாலுமிகள் என்று பட்டியல் நீளம். 1912-இல் கட்டிய கப்பலை இன்றைய விதிக்குள் பொருத்துவது என்றால் எத்தனை இடத்தில் பழையதை விட்டுக்கொடுப்பது என்ற அடுத்த சண்டை தொடங்கும். அந்தச் சண்டை வந்தால் சந்தோஷப்படுவேன், அடித்தகடு தேறிவிட்டது என்று அர்த்தம்.

சிட்னியில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு வர நினைத்தால் தாராளமாக வரலாம். இந்த மாதிரி வேலைக்கு முன் அனுபவம் வேண்டியதில்லை. சொல்லிக்கொடுக்கப் பொறுமையுள்ள பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் என்றால் கட்டிப்பிடித்து வரவேற்பார்கள். எஃகு முனை வைத்த பூட்ஸ், வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற சட்டை, மத்தியானத்துக்குச் சாப்பாடு. தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்தால் என் பக்கத்தில் உட்காருங்கள், ஊறுகாய் நான் தருகிறேன். முதல் நாளே வார்னிஷ் பிரஷைக் கேட்காதீர்கள், அதற்கு ஏற்கெனவே வரிசை இருக்கிறது. பில்ஜுக்கு வரிசையே கிடையாது.